முதல் நாற்காலிக்கு இரண்டு பேர்

அன்பும் பண்பும் பொறுமையும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமா எழுதிக்கொள்வது. மூன்றாவதாகச் சொன்ன பொறுமை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரையிலாவது தங்களிடம் நிலைத்திருக்க வேண்டுகிறேன். இங்கு நான் சௌக்கியம். உங்கள் அத்தை சௌக்கியம். உங்கள் மனைவி, கேட்டால், சௌக்கியம் என்றுதான் சொல்கிறாள். அசௌக்கியமாகக் கிடப்பது முன்னறையில் நீங்கள் அமைத்துக் கொடுத்த கம்ப்யூட்டர். இதற்கெல்லாம் ஒரு கடிதமா, போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். இந்த வீட்டில் நான் போனைக் காதில் வைத்தால் போதும், "யாரு? ஸ்பீக்கர்ல போடுங்க" என்று சமையலறையிலிருந்து உங்கள் அத்தையின் குரல் வந்துவிடும். மெயில் எழுதலாம் என்றால் மெயில் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. வேறு வழியில்லாமல் ஒரு பேனாவைத் தேடி எடுத்தேன். அது காகிதத்தில் எழுத மறுத்துவிட்டு, உதறியபோது சட்டையில் எழுதியது.

நான் இந்தக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரான கதை உங்களுக்குத் தெரியும். செயலாளராக யார் இருக்கிறீர்கள் என்று கூட்டத்தில் கேட்ட நேரத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது, கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தேன், கைதட்டிவிட்டார்கள். இருந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆன பிறகு படிக்கட்டில் நாலு பேர் "செயலாளர் சார்" என்று கூப்பிடுவது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. விடிந்ததும் மோட்டாரைப் போட்டு, மொட்டைமாடித் தொட்டி நிரம்பியதும் நிறுத்துகிற வேலையை என் தலையிலிருந்து இறக்கி அந்த மெஷினிடம் ஒப்படைத்தவர் நீங்கள். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டீர்கள். எனக்கு வேண்டிய கட்டளைகளை ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டினீர்கள். கிளம்பும்போது, "மாமா, நல்லா ஓடுது, இதுல எதையும் மாத்தாதீங்க" என்று அன்போடு சொன்னீர்கள். அது என் காதில் நன்றாக விழுந்தது. விழுந்தது, அங்கேயே இருந்துவிட்டது, மூளைப் பக்கம் நகரவில்லை.

உங்கள் மனைவி ஒரு பையோடு வந்து இறங்கி, "கொஞ்ச நாள் இங்கேர்ந்து வேலை பார்க்கறேன்ப்பா" என்று சொன்னபோது நான் அப்படியே நம்பிவிட்டேன். இந்த வெயிலில் பைக்குள் குளிர்காலத்து ஸ்வெட்டர் எதற்கு என்று உங்கள் அத்தை கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. 'என் பெண்' என்று எழுதினால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைப்பீர்கள் என்பதால் 'உங்கள் மனைவி' என்றே எழுதுகிறேன், கவனிக்கவும். நீங்கள் இருவரும் ஓய்வு நேரத்தில் உழைக்கிற அந்த லினக்ஸ் குழுவில் அவள் ஒரு புரோகிராமுக்குப் பொறுப்பாளி. மற்ற புரோகிராம்களைக் கண்காணித்து, எது நின்றாலும் உடனே நம் போனுக்குச் சேதி அனுப்புகிற புரோகிராம். நீங்கள் பழைய இனிட் என்ற ஒன்றுக்குப் பொறுப்பாளி. அவள் தன் புரோகிராமின் புதிய பதிப்பில், இனிமேல் பழைய இனிட்டோடு இது ஓடாது, புதியதோடுதான் ஓடும் என்று முடிவு செய்து வெளியிட்டுவிட்டாள். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களும் உலகமே படிக்கிற குழு மடலில் 'இது பொறுப்பில்லாத வேலை' என்று எழுதிவிட்டீர்கள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் இதைச் செய்தபோது ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்களாம். இதை உங்கள் அத்தை சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அன்று எனக்குக் காபி தாமதமாக வந்தது.

சாப்பாட்டு மேஜையில் அவளிடமே கேட்டேன். "இனிட்னா என்னம்மா?"

"மெஷினைப் போட்டதும் முதல்ல எழுந்திருக்கற புரோகிராம்ப்பா. அதுதான் மத்த எல்லாத்தையும் எழுப்பும். பழசு ஒவ்வொண்ணா எழுப்பும், ஒண்ணு ரெடியானதும்தான் அடுத்தது. புதுசு எல்லாத்தையும் ஒரே நேரத்துல எழுப்பும். அதோட எது எப்ப நடந்தது, யாரு உள்ள வந்தா, யாரு போனா, எல்லாத்தையும் தானே பார்த்துக்கும்."

"உங்க அம்மா மாதிரி."

உங்கள் அத்தை குழம்புக் கரண்டியை என் தட்டுக்கு மேலே அப்படியே நிறுத்தினார். நான் பேச்சை மாற்றினேன். "ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போனா என்ன?"

"முதல் நாற்காலி ஒண்ணுதான்ப்பா. அதுல ரெண்டு பேர் உட்கார முடியாது" என்று சொல்லிவிட்டு, தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். முன்பெல்லாம் சாப்பிடும்போது அவள் வாய் ஓயாது. என்ன பேசுகிறாள் என்று எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும். இப்போது வீட்டில் ஸ்பூன் சத்தம்தான் கேட்கிறது.

இங்கேதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி விழித்துக்கொண்டான். பிஸ்கட் தொழிற்சாலையில் நான் தொழிலாளர் நல அதிகாரியாக இருந்தவன் என்பதை நீங்கள் பல தடவை கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதற்காக உங்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. அங்கே இரண்டு யூனியன். எதிலும் ஒத்துப்போக மாட்டார்கள். காலையில் வேலைக்கான சங்கை யார் ஊதுவது என்று தகராறு வந்தபோது ஆளுக்கொரு சங்கு வாங்கிக் கொடுத்து சமரசம் செய்து வைத்தவன் நான்தான். இரு தரப்பும் எனக்கு மாலை போட்டன. அதற்குப் பிறகு எந்தச் சங்குக்கு வருவது என்று தெரியாமல் யாரும் நேரத்துக்கு வேலைக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம், அதை நான் வீட்டில் சொல்வதில்லை. இரண்டு யூனியனைச் சமாளித்தவனுக்கு இரண்டு இனிட் எம்மாத்திரம் என்று தோன்றியது. உங்கள் மெஷினில் உங்கள் மனைவியுடைய புரோகிராமை ஓட வைத்துக் காட்டிவிட்டால், "பாரும்மா, ரெண்டும் ஒரே வீட்ல இருக்கு" என்று சொல்லலாம், அவள் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்க்கலாம் என்பதுதான் என் மொத்தத் திட்டம். ஆசை பெரிதாக ஒன்றுமில்லை.

அம்மாவும் பெண்ணும் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து உட்கார்ந்தேன். உங்கள் அட்டையில் 'புதுசா ஏதாவது சேர்க்க' என்று எழுதியிருந்த கட்டளையைத் தட்டி, அவள் புரோகிராமின் பெயரையும் கொடுத்தேன். மெஷின் மிகவும் மரியாதையாகப் பதில் சொன்னது. இந்தப் புரோகிராம் வேண்டுமென்றால் இன்னொரு பேக்கேஜ், அதாவது இன்னொரு புரோகிராம் மூட்டை, வேண்டும், அந்தப் பேக்கேஜுக்குப் புதிய இனிட் வேண்டும், புதிய இனிட் உள்ளே வரவேண்டுமென்றால் பழைய இனிட் வெளியே போகவேண்டும், அது போனால் அதை நம்பியிருக்கிற மோட்டார் புரோகிராம் போகும், பிரிண்டர் போகும், திரையில் தெரிகிற படங்கள் போகும், நான் தினமும் தோற்கிற சீட்டாட்டம் போகும் என்று ஒரு ஜாபிதாவே போட்டுக் காட்டி, தொடரட்டுமா என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் யூனியன் தலைவர்களும் முதல் நாள் இப்படித்தான் பேசுவார்கள், அவன் வந்தால் நான் போவேன், நான் போனால் என்னோடு இத்தனை பேர் போவார்கள் என்று. டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும். மெஷினுக்கு டீ வாங்கிக் கொடுக்க வழியில்லாததால் என் போனில் தேடிப் பார்த்தேன். யாரோ ஒரு புண்ணியவான், எதையும் கேட்காமல் கட்டாயமாக உள்ளே தள்ளுவதற்கு ஒரு கட்டளை எழுதியிருந்தான். அதற்குக் கீழே, 'தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள்' என்றும் எழுதியிருந்தானாம். அதைப் பிற்பாடு உங்கள் மனைவி படித்துக் காட்டினாள். நான் மேல் பாதியோடு நிறுத்திவிட்டேன்.

தள்ளினேன். அவள் புரோகிராம் பாதி உடம்பு உள்ளே, பாதி உடம்பு வெளியே என்று வாசலில் சிக்கிக்கொண்டது. அதன் பிறகு எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் மெஷின் முதலில் இதைச் சரிசெய் என்று ஒரே பாட்டைப் பாடியது. சரிசெய் என்றேன். அதற்கு அது, நீங்கள் செய்யப்போவது ஆபத்தான காரியம், என்ன செய்கிறோம் என்று உண்மையிலேயே தெரிந்தால் மட்டும் இந்த வாக்கியத்தை அப்படியே தட்டுங்கள் என்று ஆங்கிலத்தில் ஒன்றைக் காட்டியது. 'ஆமாம், நான் சொல்கிறபடி செய்' என்பது அதன் பொருள். மாப்பிள்ளை, உங்களிடம் மறைக்க மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் நான் சொல்கிறபடி யாரும் எதையும் செய்ததில்லை. முதல் முறையாக ஒரு ஜீவன், அதுவும் மின்சாரத்தில் ஓடுகிற ஜீவன், என் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தது. ஆபத்தாவது ஒன்றாவது. ஒவ்வொரு எழுத்தாக, ருசித்துத் தட்டினேன்.

அது நான் சொன்னபடி செய்தது. பழைய இனிட்டை நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டது. புதிய இனிட் வாசற்படி வரைக்கும் வந்து, உள்ளே கிடந்த குழப்பத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டது. இது தெரியாமல், ஏதோ பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பெருமையில் மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி ஒரு இடத்தில் நின்றன. முதலில் எழுந்திருக்க வேண்டிய புரோகிராமைக் காணவில்லையாம். அதற்குப் பக்கத்தில் 'பதற்றம்' என்று போட்டிருந்தது. கம்ப்யூட்டருக்குப் பதற்றம் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. நானும் அதுவும் திருதிருவென்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு நான் ஒரு துண்டை எடுத்து மானிட்டர் மேல் போட்டு மூடிவிட்டு, பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடையிலிருந்து வந்த உங்கள் அத்தை, பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, அதாவது இன்று காலை, குழாயைத் திறந்தால் காற்று வந்தது. அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தால் மேல்வீட்டுப் பல் டாக்டர், கையில் பிரஷ்ஷோடும் வாய் நிறைய நுரையோடும் நிற்கிறார். துப்ப இடமில்லை, பேச வழியில்லை. தன் வாயைக் காட்டினார், குழாய் திறப்பது போல் விரலைத் திருகினார், கடைசியில் என்னைக் காட்டினார். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஒரு செம்பில் கொடுத்தேன். கொப்பளித்துவிட்டு, "செயலாளர் சார், என்ன நடக்குது இங்க?" என்றார்.

"ஒரு சின்னப் பேச்சுவார்த்தை நடந்துக்கிட்டிருக்கு டாக்டர்" என்றேன்.

அவருக்குப் பின்னாலேயே ஒவ்வொருவராகக் காலி வாளியோடு படியில் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மாடியாக, ஒருவர் முடிந்ததும் அடுத்தவர் என்று அவர்கள் கேட்க, இது பழைய இனிட் முறை என்று எனக்குத் தோன்றியதே தவிர, என்ன செய்வது என்று தோன்றவில்லை. உள்ளே இருந்து உங்கள் அத்தைதான், "மோட்டார் ரூம்ல சுவத்துல ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கே, அதைப் போட்டா ஓடாதா?" என்றார். ஓடியது. எல்லாரும் கைதட்டாத குறை. ஆனால் போட்ட மோட்டாரை யாராவது நிறுத்த வேண்டும் அல்லவா? தொட்டி மொட்டைமாடியில், ஸ்விட்ச் தரைத்தளத்தில், நடுவில் என் முழங்கால். மேலே போய்ப் பார்த்தேன், தொட்டி பாதிதான் ஆகியிருந்தது. கீழே வந்து இரண்டு வாய் காபி குடித்தேன். தொட்டி நிரம்பி, வழிந்து, பல் டாக்டர் பால்கனியில் உலர்த்தியிருந்த வெள்ளைக் கோட்டுகளின் மேல் துருவும் பாசியுமாக ஊற்றியது. காலையில் தண்ணீர் இல்லை என்று வந்த மனிதர், இப்போது தண்ணீர் அதிகம் என்று வந்தார். அடுத்த கூட்டத்தில் செயலாளரை மாற்றுவது பற்றிப் பேசப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். நான் கொட்டாவி விட்டு வாங்கிய பதவி, இரண்டு வாய் காபியில் போகப்போகிறது.

சத்தத்தைக் கேட்டு உங்கள் மனைவி எழுந்து வந்து துண்டை விலக்கிப் பார்த்தாள். "அப்பா, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. ரெண்டு பேரையும் சேர்த்து உட்கார வெச்சுப் பார்த்தேன்."

"உங்களை யாரு இதைப் பண்ணச் சொன்னா?"

"உன் புரோகிராம் இங்க ஓடினா உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன்."

அவள் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. துண்டை மடித்து நாற்காலியில் போட்டாள். சரி பண்ணிக் கொடும்மா என்று கேட்டேன். "இது அவர் போட்ட மெஷின். நான் தொட மாட்டேன். தொட்டா, அதையும் பொறுப்பில்லாத வேலைன்னு எழுதுவாரு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளை, இனி தமாஷ் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. தண்ணீருக்கு ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கிறது. இதற்கு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. யார் பேரில் தப்பு என்று நான் கேட்கப்போவதில்லை, கேட்டாலும் எனக்குப் புரியாது. அந்த ஸ்வெட்டர் அலமாரிக்குள் போய்விட்டது என்பது மட்டும் புரிகிறது. அது திரும்பப் பைக்குள் போக வேண்டும். எனவே மெஷினைச் சாக்காக வைத்தாவது ஒரு நடை வந்து போகும்படி கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் வராமல் இந்த மெஷின் எழுந்திருக்காது என்பது நிச்சயம்.

எல்லா நலமும் எல்லா வளமும் பெற்று, நீரும் மின்சாரமும் தடையில்லாமல் கிடைக்கும் வீட்டில் நீங்கள் நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் மாமா,
செயலாளர் (அடுத்த கூட்டம் வரை)

பின்குறிப்பு: இதை நேற்று எழுதி முடித்தேன், ஸ்டாம்ப் இல்லாததால் தபாலில் போடவில்லை. இன்று காலை மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். தொட்டி நிரம்பியதும் அதுவாகவே நின்றது. முன்னறைக்குப் போனால் உங்கள் மனைவி மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். தன் பையிலிருந்து ஒரு குட்டிப் பென் டிரைவை எடுத்துச் செருகி, அதிலிருந்து மெஷினை எழுப்பி, எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாளாம். எந்த இனிட்டைப் போட்டாய் என்று கேட்டேன். "பழசுதான். அவர் போட்டது அப்படியே இருக்கட்டும்" என்றாள். அவள் புரோகிராமும் அதே மெஷினில் ஓடுகிறது. அவளுடைய பேக்கேஜில் 'புதிய இனிட் வேண்டும்' என்றிருந்த இடத்தில் 'புதியதோ பழையதோ ஏதாவது ஒன்று இருந்தால் போதும்' என்று மாற்றி, பழையதோடு ஓடுவதற்காக முன்பு இருந்து, தான் எடுத்துவிட்ட பகுதியையும் திரும்பச் சேர்த்துவிட்டாளாம். இத்தனை சண்டையும் அந்த ஒரு வரிக்கா என்று கேட்டேன். அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாயா என்றேன். "அவர் கேட்டா அனுப்பறேன்" என்றாள். பிறகு திரும்பாமலே, "நீங்க அவருக்கு எழுதறீங்கன்னு அம்மா சொன்னா. அதான் சரியாயிடுச்சே. வர வேண்டாம்னு எழுதிடுங்க" என்றாள். ஆகவே மேலே எழுதியது எல்லாவற்றையும் மறந்துவிடவும். மெஷின் ஓடுகிறது. நீங்கள் வர வேண்டியதில்லை.

இன்னொரு பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிவிட்டு உங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷத்துப் பார்வை அது, எனக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. நான் முன்னறைக்குப் போய், இந்தத் தடவை யாரையும் சேர்த்து உட்கார வைக்கப் பார்க்காமல், பழைய இனிட்டை நேராக வெளியே போகச் சொல்லி, அது கேட்ட அதே வாக்கியத்தை மறுபடியும் தட்டி, மெஷினை அணைத்துப் போட்டேன். மெஷினுக்குப் பதற்றம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. உங்கள் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திரையைப் பார்த்தாள், மேஜையில் பென் டிரைவ் இருந்த இடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டிரைவைக் காணோமேப்பா" என்றாள். ஆமாம்மா, காணோம் என்றேன். அவள் லேப்டாப் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது, நினைத்தால் ஒரு காபி ஆறுவதற்குள் அதே மாதிரி இன்னொரு டிரைவ் செய்துகொள்வாள் என்று எனக்கே தெரியும். "அப்போ அவர் வந்துதான் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. இந்த உறைக்குள் கெட்டியாக ஒன்று தட்டுப்படும், அதுதான் அந்த டிரைவ், பத்திரமாகக் கொண்டுவரவும். அதுவரை விடியற்காலையில் முதலில் எழுந்து மோட்டாரைப் போட்டு, மாடிக்கும் தரைக்கும் ஓடி, இந்தக் கட்டடத்தையே எழுப்புகிற வேலை என்னுடையது. என் முழங்காலை நினைத்தாவது சீக்கிரம் வாருங்கள், மாப்பிள்ளை. என் பெண் காத்திருக்கிறாள்.